தொட்டுக் காட்டவும்

பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில்
மும்மொழிச் சொற்பட்டியல் ஒன்று தயாராகிறது.
தமிழ்ப் பத்தி என் பொறுப்பு.
வெள்ளிக்குள் முடிக்க வேண்டும்.
'அ' வரிசையிலேயே இரண்டு வாரம் போய்விட்டது.

அறுவை என்று எழுதினால்
ஒன்பதாம் வார்டில் சிரிக்கிறார்கள்.
"நீங்க பேசுறதுதாங்க அறுவை" என்கிறார் தவமணிராசு,
முப்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
இடது பாதம் கறுத்துக் கிடக்கிறது,
குடித்த தே தாரிக்குக்கெல்லாம்
வட்டி கட்டும் பாதம்.

சத்திர சிகிச்சை என்று
யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் திருத்திக் கொடுத்தார்.
சத்திரம் என்றால் கத்தியாம்.
எனக்கோ வழிப்போக்கர் இறங்கும் சத்திரம்தான் தெரிகிறது:
ஒரு ராத்திரி, ஒரு பாய், விடிந்தால் கிளம்பு.
யோசித்தால் அதுவும் தப்பில்லை.

புற்று இருக்கும் பக்கத்தில் இன்னும் கைவைக்கவில்லை.
பால் ஊற்றுகிற புற்றையும்
பயாப்சிக்கு அனுப்பிய புற்றையும்
ஒரே எழுத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

கோப்பு அறையில் கிடைத்தது
கரையான் ஓரம் தின்ற நோட்டு.
மேலட்டையில்: சூசைநாதன், டிரஸ்ஸர், 1911.
கப்பலிறங்கியவர்களுக்குத் துரை சொன்னதைத்
தமிழில் சொல்ல, தனக்காக அவர் சேர்த்தவை.

குளோரோபாரம்: தூக்கப் புகை.
சர்ஜன்: ரண வைத்தியர், கோபக்காரர்.
தையல்: துணிக்குப் போடுவதுதான், பயப்படாதே எனச் சொல்.
அம்மை குத்துதல்: ஆத்தாளை ஊசியில் அழைக்கிறார்கள் என்றேன்,
பதினோரு பேர் ஓடிவிட்டார்கள். இனிச் சொல்லக் கூடாது.
கிருமி: கண்ணுக்குத் தெரியாத பூச்சி.
யாரும் நம்பவில்லை. மழைநாளில் நானும்.

நோயாளி என்பதை அடித்துவிட்டு
பக்கத்தில் பென்சிலில், சிறிதாக:
நோயை ஆள்கிறவனா இவன்?

உறுப்பைத் துண்டிப்பதற்கு நேரே
வெறும் காகிதம். கீழே ஒரு வரி:
சொல் அகப்படவில்லை. தொட்டுக் காட்டவும்.

மறுநாள் டாக்டர் ஊய் கட்டிலருகே நின்று
ஆங்கிலத்தில் ஒரு நிமிடம் பேசினார்.
மிஸ்ஸி நோர்ஹாயாத்தி, மெதுவாக, "போத்தோங்" என்றாள்.
அது அவருக்குத் தெரிந்த சொல்.
மீன் போத்தோங், கயிறு போத்தோங், சம்பளம் போத்தோங்.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
என் பட்டியலில் 'உறுப்பு நீக்கம்' என்றிருந்தது,
அரசாங்கக் கடிதம் மாதிரி.

குனிந்தேன்.
முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் தள்ளி
கையை வைத்தேன். சூடாக இருந்தது.
"இதுவரைக்குமா?"
"இதுவரைக்கும்."
கொஞ்ச நேரம் சுவரிலிருந்த பல்லியைப் பார்த்தார்.
"வெட்டினத எங்க கொண்டுபோவாங்க?"
அந்தக் கேள்விக்கு மூன்று மொழியிலும் பத்தி இல்லை.
"பத்து லஞ்சாங்கில் எரிக்கலாம். கேட்டால் தருவார்கள்" என்றேன்,
நிச்சயமாகத் தெரியாமலே.
"அப்ப பாதி டிக்கெட்டு"
என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.
தியேட்டருக்குத் தள்ளிப்போகும்போது
என்ன படம் என்று கேட்டாராம்.
மிஸ்ஸிக்கு அது புரியவில்லை,
மொழிபெயர்க்க நான் அங்கே இல்லை.

கெடு தாண்டிய திங்கட்கிழமை
பட்டியலைக் கொடுக்கப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன்.
போர்வை ஒரு பக்கம் மேடு,
ஒரு பக்கம் முழங்காலோடு சரிந்து தட்டை.
"இடது கட்டைவிரல் அரிக்குதுங்க."
அதற்குப் பெயர் என்னிடம் இருந்தது,
நாற்பத்தோராம் பக்கத்தில், 'மாய' என்று தொடங்கும்.
சொன்னேன்.
"மாயமெல்லாம் இல்ல. அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு விடுங்க."

கோப்பை நாற்காலியில் வைத்துவிட்டு
தட்டையான இடத்தில்
விரிப்பைச் சொறிந்தேன்.

"இன்னும் கீழ" என்றார்.
"ம். அங்கதான்."