உருளாத தண்டு

வெல்லாவெளி வட்டைகளில்
பதினொரு போகம்
கோரையைக் கொல்லச் சொல்லிக்கொடுத்தவள் நான்.
தண்டைப் பிடுங்கி விரலிடையில் உருட்டுங்கள்,
புல் என்றால் உருளும்.
மூன்று விளிம்பால் இடறினால் அது கோரை.
எத்தனையாம் நாள், எந்த மருந்து,
ஏக்கருக்கு எத்தனை தாங்கி,
எல்லாம் மனப்பாடம்.

களுதாவளையில் நாங்கள் வாங்கிய வளவு
பின்பக்கம் பள்ளம்.
கார்த்திகையில் இறங்கும் தண்ணீர்
பொங்கல் கழிந்தும் எழும்பாது,
கிணற்றடியில் குந்திக்கொண்டிருக்கும்.
‘ஒம்பது டிப்பர் கிறவல் கொட்டினா முடிஞ்சிது மிஸ்’
என்றான் நௌபீல்.
விலையை இரண்டு தரம் எழுதிக் கூட்டினேன்.
மறுகா, அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்றும்.
வேலிக்கு அங்கால் பூமணியக்காவின் குசினி.

ஞாயிறு மத்தியானம், ஆளில்லா நேரம்,
நல்லரெத்தினத்தின் வாய்க்கால் கரையில்
நாலு முடி பெயர்த்தேன்.
உரப்பையில் சுற்றி
ஸ்கூட்டியின் காலடியில் வைத்து
கள்ளியைப்போல் வந்தேன்.

ஒரு முடியைப் பிய்த்தால் ஏழெட்டுக் கன்று.
சாண் இடைவெளி.
குருத்து சேற்றுக்கு மேலே நிற்கவேணும்,
புதைத்தால் அழுகும்.
ஆழத்தில் பன், அதற்கு மேலே கோரை,
ஈரம் மட்டும் தங்கும் ஓரத்தில்
தலையில் பழுப்புப் பொத்தான் வைத்த ஒன்று.
அதன் பெயர் எனக்குத் தெரியாது.
கொல்லுகிற கையேட்டில் அது இல்லை.

முதல் பங்குனியில் பாதி கருகியது.
மீதியில் பாதியைப் பூமணியக்காவின் மாடு.
அரிசி கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர்,
கைகழுவிய தண்ணீர் என்று
மிஞ்சியதை வைத்துக்கொண்டிருந்தேன்.
வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை,
குழாயின் வாயை மட்டும்
ஒருநாள் அந்தப்பக்கம் திருப்பி விட்டிருந்தார்.

இந்த மாரியிலும் தண்ணீர் வந்தது.
வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.
ஆனால் தண்டுகளுக்குள் கலங்கல் அடங்கி
அடி தெரிந்தது, பனையான் குஞ்சுகள் தெரிந்தன.
ஒரு கானாங்கோழி
எங்களிடம் கேளாமலே குடியேறியது.
பன்னிரண்டாம் நாள் பூமணியக்கா
மேசைமேல் ஏற்றிய அடுப்பை இறக்கி வைத்தாள்.

உர மானியப் படிவத்தோடு வந்த நல்லரெத்தினம்
கையெழுத்துக்குக் காத்திருந்தவர்
பின்வளவுக்கு எட்டிப் பார்த்தார்.
இறங்கிப் போனார்.
ஒரு தண்டைப் பிடுங்கி
நான் காட்டிக்கொடுத்த மாதிரியே
விரலிடையில் உருட்டினார்.
உருளவில்லை.

‘மிஸ், இதுக்கு என்ன மருந்து அடிக்கிற?’

படிவத்தில் திகதியைப் பிழையாக எழுதி
வெட்டித் திரும்ப எழுதினேன்.
என் நகக்கண்ணில் சேறு.
தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்றேன்.