கம்பி தாண்டும் இடம்

மெட்ரோனோம் அறுபதில் இருக்கிறவரை
நான் நல்ல பிள்ளை.
கீழ், மேல், கீழ். மேல், கீழ், மேல்.
பிக்கின் நுனி அரிசியளவு அசைகிறது,
மணிக்கட்டு மட்டும்; முழங்கை தூங்குகிறது.
தொண்ணூறுக்கு ஏற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மூன்று சுரம் ஒரு கம்பியில், மூன்று அடுத்ததில்.
மூன்றாவது, கீழ்வீச்சு. அது முடிகிற இடத்தில்
பிக் இரண்டு கம்பிகளுக்கு நடுவே இறங்கி நிற்கிறது.
அடுத்தது மேல்வீச்சு. அதற்குக்
கம்பிக்கு அந்தப் பக்கம் போயாகவேண்டும்.
பூட்டிய கேட்டை ஏறிக் குதிக்கும்
கத்துக்குட்டித் திருடனைப் போலக்
குதிக்கிறது கை.
குதிக்கிற நேரத்தில் ஒரு சுரம் செத்துப்போகிறது.
நான்காவது. எப்போதும் நான்காவது.

மேல்மாடி ஹால்ஷ்கா
ரேடியேட்டர் குழாயைக் கரண்டியால் தட்டுகிறாள்.
பதினொரு மணி என்று அர்த்தம்.
ஆம்ப்ளிஃபயர் போடவில்லை ஹால்ஷ்கா, வெறும் கம்பிதான்
என்று கூரையைப் பார்த்துச் சொல்கிறேன்.
நான்கு மாதமாக அதே ஆறு சுரம்.
வெறும் கம்பியானால் என்ன, யாருக்குத்தான் கேட்காது.

காலை ஆறுக்கு கிடினியா துறைமுகம்.
நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு,
கால்களுக்கு நடுவே கண்ணாடித் தரை,
அதற்கும் கீழே
வடங்களில் தொங்கி ஆடுகிறது இருபது டன்.
பால்டிக் காற்றுக்கு கண்டெய்னர் ஒரு காகிதம்.
புதிதில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்:
ஆடுகிறதை எதிர்ப்பக்கம் இழுத்தேன். இன்னும் ஆடியது.
லாரிக்காரர்கள் கீழிருந்து என் அம்மாவை நலம் விசாரித்தார்கள்.
ஒரு ஜனவரி முழுக்க வசவு வாங்கிய பிறகுதான்,
அது போகிற பக்கமே நாமும் போய்
அதன் தலைக்குமேல் நின்றுவிட வேண்டும் என்று பிடிபட்டது.
நின்றால், அதுவும் நிற்கும்.

பன்னிரண்டு வருடமாகத் தெரிந்த ஒன்றை
வீட்டுக்கு வந்ததும் கைக்குச் சொல்ல மறந்திருக்கிறேன்.

நேற்று குதிக்கவில்லை.
மூன்றாவது வீச்சை நடுவில் பிடித்து நிறுத்தவில்லை.
விழுகிறாயா, விழு என்று விட்டேன்.
விழுந்த வேகத்திலேயே
அடுத்த கம்பியில் போய்ச் சாய்ந்து, அதையும் தாண்டியது.
ஒரே வீச்சு, இரண்டு சுரம்.
கீழ் மேல் கீழ், கீழ் மேல் கீழ்.
நான்காவது உயிரோடு வந்தது,
கொஞ்சம் முந்திக்கொண்டு,
இலை போடும் முன்பே பந்தியில் உட்கார்ந்துவிட்ட ஆள் மாதிரி.

மேலே கரண்டி தட்டியது.
மணி பார்த்தேன். ஒன்பதரைதான்.
முந்தியது அவளுக்கும் கேட்டிருக்கிறது.

இதெல்லாம் இறங்கும்போது.
ஏறி வருகிற வழியில் கை இன்னும் கேட்டைத்தான் குதிக்கிறது.
அதற்கு எந்தக் காற்று உதவும் என்று தெரியவில்லை.

இந்த பிக், காலாவதியான என் துறைமுக அட்டையைக்
கத்தரித்துச் செய்தது.
கடையில் வாங்கியதெல்லாம் சோபாவுக்குள் போய்விட்டது.
யாத்விகா என்ற பெயரின் கடைசி எழுத்தும்
என் போட்டோவில் ஒரு காதும் இதில் மாட்டிக்கொண்டன.
காது பாதி தேய்ந்துவிட்டது.
எழுபத்திரண்டில் வைக்கிறேன் மெட்ரோனோமை.