கடி சரியாக இருக்கிறது

டாக்டர் சொல்லிவிட்டார்:
கடி சரியாக இருக்கிறது.
மேல்வரிசை கீழ்வரிசை மேல் உட்காருகிறது
டப்பாவுக்கு மூடி போல.
எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிப்
பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.
கோட்டில் குறையே இல்லை.
நான் கேட்டது கோட்டைப் பற்றி அல்ல.

பள்ளியில் எனக்குத் தவடை தனம் என்று பெயர்.
ஏகாம்பரகுப்பத்தில்
தண்ணீருக்கு இரண்டு பெயர், சோற்றுக்கு இரண்டு பெயர்.
தவடைக்கு மட்டும்
தெலுங்குப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும்
ஒரே சொல் வைத்திருந்தார்கள்.

இருபத்து நான்கு வயதில்
மேலெலும்பை அறுத்து முன்னே இழுத்து
கீழெலும்பை அறுத்துப் பின்னே தள்ளினார்கள்.
எல்லாம் சேர்த்து ஏழு மில்லிமீட்டர்.
மூன்று பவர்லூமில் ஒன்றை விற்ற
அண்ணன் சபாபதி
மில்லிமீட்டர் நாற்பதாயிரம் என்று
கணக்குப் போட்டுச் சிரித்தான்.

ஆறு வாரம் ரப்பர் மாட்டிய வாய்.
ஊசி கழற்றிய சிரிஞ்சில் கேழ்வரகுக் கஞ்சி.
பிறகு வாய் திறக்கப் பயிற்சி:
பல்லிடையே ஐஸ் குச்சிகளை
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னார்கள்.
நான் ஸ்டேஷன் பெயரை எடுத்துக்கொண்டேன்,
நகரிக்கு அடுத்த ஸ்டேஷன்:
வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை.
முதல் நாள் வேங்கடத்தோடு நின்றுபோனது.
பத்தாம் நாள் நரசிம்மர் வந்தார்.
பேட்டையை எட்டுவதற்குள் தை பிறந்துவிட்டது.
அண்ணி கைதட்டினாள்.
வீக்கமும் வடிந்திருந்தது.
கண்ணாடி பார்த்தேன்.

மூக்கு அகன்றிருந்தது.
மேலுதடு மெலிந்து,
யார்மீதோ கோபமாக இருக்கும் ஒருத்தியுடையது போல.
முகவாய் இடப்பக்கம் சற்றே
ஓர் அரிசி அளவு.
அரிசி அளவுதானே என்கிறார்கள்.
சோற்றில் அகப்படும் கல்
அதைவிடச் சின்னது.

போன மாதம் சந்தையில்
ரேணுகாம்பாள் அக்கா
கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்:
"ஆபரேஷன் எப்பம்மா?"

நகரி மூக்கைத் தினமும் பார்க்கிறேன்.
கப்பல்காரர்கள் அந்த மலையைக் கண்டுதான்
கரையை அறிவார்கள் என்று
பூகோள டீச்சர் சொன்னார்.
மூக்கு இருக்கிறது, தாடை இல்லை,
சரிந்து முள்புதருக்குள் போய்விடுகிறது.
இதிலிருந்து ஆறுதல் எடுத்துக்கொள்ளச் சிலர் சொல்வார்கள்.
மலைக்கென்ன,
அது யாருக்கும் போட்டோ அனுப்ப வேண்டாம்.

எக்ஸ்ரே உறையோடு பஸ்ஸில் நின்றேன்.
வண்டி நிறையப் புத்தூர்க் கட்டுக்குப் போகிறவர்கள்.
கையைத் துண்டில் தொங்கவிட்ட பையன்
இடம் விட்டான்.
"உங்களுக்கு எங்கக்கா உடைஞ்சுது?"
உடையவில்லை தம்பி,
பணம் கட்டி உடைத்துக்கொண்டேன்,
மறுபடி உடைக்கலாமா என்று
விசாரித்துவிட்டு வருகிறேன்.
சொல்லவில்லை.
"தவடை" என்றேன்.
"வண்டியிலேர்ந்து விழுந்தீங்களா?"
ஆமாம் என்றேன்.

மறுபடி செய்யலாம் என்கிறார் டாக்டர்.
அதே இடத்தில் அறுக்க வேண்டும்.
பழைய தகடுகளை, திருகுகளை
எலும்பு மூடியிருக்கும்.
நரம்புக்கு மட்டும் அவர் பொறுப்பில்லை.
கீழுதட்டின் இடது ஓரம்
இரண்டு வருடமாய் மரத்துக் கிடக்கிறது.
ரசம் வழிந்தால் எனக்குத் தெரியாது.
எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துத்
துடைத்துக்கொள்வேன்.

"இன்னும் ரெண்டு தறி இருக்கு"
என்றான் அண்ணன்,
அறுந்த இழையை முடிச்சுப் போட்டபடி.
தலை நிமிரவில்லை.
கேலியா, சம்மதமா,
தறிச் சத்தத்தில் பிடிபடவில்லை.

படிவம் கைப்பையில் இருக்கிறது.
இருட்டில் படுத்துக்கொண்டு
ஸ்டேஷன் பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.
தடையில்லாமல் போகிறது.
பேட்டைக்கு வரும்போது
உதடு இரண்டும் சேர்கின்றன.
மேலுதட்டுக்குத் தெரிகிறது.
கீழுதட்டுக்குப் பாதி.