நாற்பத்தோராம் காட்சி

கழுத்து முறிவதற்கு செலரித் தண்டு.
பனியில் நடக்கத் துணிப்பையில் சோளமாவு.
குத்துக்கு ஈரத்துண்டு, கத்திக்கு முட்டைக்கோஸ்.
பதிவு முடிந்ததும் அந்தக் கோஸை
வீட்டுக்குக் கொண்டுபோய் சூப் வைத்துவிடுவேன்.
திபிலிசியில் எடுக்கிற படங்களில்
நடிகர்கள் சும்மா விழுவார்கள்,
வலிப்பது என் கையால்.

தெங்கிஸ் புதுப்படத்தோடு வந்தான். பழிவாங்கும் கதை.
அப்பாவைக் கொன்றவனை மகன் தேடுகிறான்.
காலம்: கரண்ட் இல்லாத அந்தக் குளிர்காலம்,
லிஃப்ட் செத்துக் கிடந்த ஒன்பது மாடி,
ரொட்டிக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை.
"கொன்றது யாரென்று கடைசி ரீல் வரை ஒருத்தனுக்கும் தெரியாது" என்றான்
நாற்காலிக் கையில் மோதிரத்தால் தட்டிக்கொண்டே.
டக் டக். விட்டு, டக்.
பதிவு கெடுகிறது, கையை எடு என்றேன்.

நாற்பத்தோராம் காட்சி.
மண்ணெண்ணெய்க் கேனோடு இருட்டில் படியேறுகிறவனை
மேலிருந்து ஒருவன் தள்ளுகிறான்.
அதற்கு உருளைக்கிழங்கு மூட்டை போதும்.
கீழே பென்சிலில், அவன் கையெழுத்தில்:
'இறங்கி வந்து, சாய்ந்த கேனை நிமிர்த்தி வைக்கிறான்.
சத்தம், சிறியது.'

என் அண்ணன் கேலாவை
ஐந்தாம் மாடித் திருப்பத்தில் முதலில் பார்த்தவள் நான்.
உடம்பு ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம்.
அருகே கேன், நேராக, மூடி இறுகி,
ஒரு சொட்டும் சிந்தாமல்,
விருந்துக்கு வந்தவர் காலணியைக் கழற்றி
ஓரமாக வைத்த மாதிரி.
போலீஸ் வருமுன் அதை உள்ளே தூக்கிப்போய்விட்டேன்.
அம்மாவுக்குக் காய்ச்சல்.
அவன் கொண்டுவந்த எண்ணெயில்தான்
அவனைக் குளிப்பாட்ட வெந்நீர் போட்டேன்.
யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம், வேறென்ன.
கால் வழுக்கி விழுந்தான் என்று எழுதி மூடினார்கள்.

ஆக, கேன் நின்றது எனக்குத் தெரியும்.
நிறுத்தியவனுக்குத் தெரியும்.

கடைசி ரீலைப் போட்டுப் பார்த்தேன்.
அகப்படுகிறவனுக்கு
மூன்றாம் மாடி வாஜாவின் மீசை, வாஜாவின் திக்குவாய்,
வாஜாவின் நொண்டி நாய்கூட.
வாஜா போன வசந்தத்தில் செத்தார்.
மறுக்க ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் படம்.
ஏன் கொன்றானாம்? கடன், ஒரு பெண், ஒரு மூட்டை மாவு:
மூன்று காரணம் வைத்திருக்கிறான்,
மூன்றையும் வாஜாவின் தலையில்.
அதில் எது அவனுடையது?

வாஜாவின் மனைவி சியாலா அப்போதே சொன்னாள்:
எவனோ கைப்பிடிக் கம்பியைத் தட்டிக்கொண்டே இறங்கினான்,
டக் டக், விட்டு, டக்.
எங்கள் சமையல் மேசையில் கரண்டியால் தட்டியும் காட்டினாள்.
எழுதிக்கொண்ட போலீஸ்காரன் சிரித்தான்:
இருட்டில் இறங்குகிறவன் தட்டாமல்?

பால்கனியிலிருந்து பழைய கேனை எடுத்து வந்தேன்.
துரு. அடியில் இன்னமும் அந்த வாடை.
சாய்த்து, நிமிர்த்தி, சாய்த்து, நிமிர்த்தி,
ஏழாவது முறை சரியாக வந்தது.
தெங்கிஸ் கண்ணை மூடிக் கேட்டான்.
"அசல் மாதிரியே இருக்கிறது."
"அசல்தான்" என்றேன். சிரித்தான்.
அவன் போன பிறகு
ஸ்டூடியோ ரேடியேட்டரில் இரும்பு நட்டால் மூன்று தட்டு.
வயலின்களுக்குக் கீழே படுக்கவைத்தேன்.

முதல் காட்சிக்கு சியாலாவுக்கும் ஒரு டிக்கெட்,
இயக்குநருக்கு முன் வரிசை.
அவள் பக்கத்தில் நான்.
பாப்கார்ன் வேண்டாம், பல்லில்லை என்றாள்.

நாற்பத்தொன்று.
மூட்டை விழுந்தது. கேன் நிமிர்ந்தது.
திரையில் டக் டக்.
பின்னால் நாற்காலிக் கையிலும்,
பழக்கதோஷம், டக் டக்.
திரையில், விட்டு, டக்.
பின்னால் அது வரவில்லை.

சியாலா திரையைப் பார்க்கவில்லை.
இருக்கையைப் பிடித்துக்கொண்டு
மெல்ல, முழுசாக, திரும்பிக்கொண்டிருந்தாள்.