தரமதிப்பு

வெட்டூர்ணிமடம், மூன்றாம் மாடி.
ஒரு பதிலை எடைபோடத் தொண்ணூறு விநாடி,
ஒரு ரூபாய் நாற்பது காசு.

கேட்டது யாரென்று திரை சொல்லாது.
எழுத்து சொல்லிவிடும்:
கொளச்சல் கச்சான் காத்து இண்ணைக்கு எறங்கலாமா

முதல் பதில்:
தாராளமாக இறங்கலாம். அலை மிதம்.
அதே எழுத்துருவில், அதே மூச்சில்
ஒரு என்ஜின் ஆயிலின் பெயர்.

இரண்டாவது:
எனக்குத் தெரியாது. துறைமுகத்தில் கேளுங்கள்.

கையேடு, பக்கம் நாற்பத்தொன்று:
தெரியாது என்றால் கேட்டவர் வேறெங்கோ போய்விடுவார்.
போகவிடாதீர்கள்.

இங்கே ஜன்னல் திறக்காது.
ஏசிக் காற்றுக்குத் திசை கிடையாது.

இரண்டாவதற்கு ஐந்து நட்சத்திரம் போட்டேன்.
என் துல்லியம் எண்பத்தொன்றுக்கு இறங்கிச்
சிவப்பாய் நின்றது.

டீம் லீடர் அஜிலா வந்தாள்,
பாதி தின்ற ஏத்தங்காய் சிப்ஸோடு.
"ஒனக்குத் தெரியுமா பிள்ளே,
கடலு இப்ப எப்பிடிக் கெடக்குன்னு?"
"தெரியாது."
"பின்ன?"
"அதத்தான் சொல்லுதேன்."

அவள் சிரிக்கவில்லை. திட்டவுமில்லை.
சிவப்பைப் பார்த்தபடி
ஒரு சிப்ஸை நீட்டினாள்.

அதற்குள் அடுத்தது வந்துவிட்டது.
தக்கலையில் யாருக்கோ
மூன்று நாளாய் நெஞ்சுக்குள் ஒரு பிடிப்பு.
எண்பத்தொன்பது.
எண்பத்தெட்டு.