பத்துக்கு எத்தனை

வலது கையை உயர்த்திக் கம்பியைப் பிடித்தபடி
இருபத்திரண்டு வருஷம்,
கடலூர் புதுச்சேரி, புதுச்சேரி கடலூர்.
ஐப்பசியில் ஒரு விடியலில்
தோளுக்கு மேல் வர மாட்டேன் என்றது கை.
விழவில்லை, எங்கும் இடித்துக்கொள்ளவில்லை.
ராத்திரியில் யாரோ வந்து
மூட்டுக்குள் துரு ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

சர்க்கரை இருக்கறவங்களுக்கு வரும் சார், என்றாள்
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில்
பிசியோதெரபி பார்க்கும் மெகருன்னிசா.
உறைந்த தோளாம்.
இந்த ஊர் வெக்கையில்
உறைவதற்கு என் தோள்தான் கிடைத்ததா?

வலி பத்துக்கு எத்தனை?
எட்டரை, என்றேன்.
அரையெல்லாம் கிடையாது சார், முழுசா சொல்லுங்க.
சில்லறை இல்லை என்று
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் நான்.

சுவரில் ஒரு மர ஏணி.
ஆள் ஏறுவதற்கல்ல, விரல் ஏறுவதற்கு.
ஆள்காட்டியும் நடுவிரலும் கால்களாகிப்
பல் பல்லாக நடக்க வேண்டும்.
எண்கள் மனசில் நிற்கவில்லை,
ஊர் வைத்து ஏறினேன்.
முதல் வாரம்
பெண்ணையாற்றுப் பாலத்திலேயே பிரேக் டவுன்.
மூன்றாம் வாரம் ரெட்டிச்சாவடி.
முள்ளோடையில் பாதி பஸ் இறங்கும்,
எதற்கென்று கேட்க மாட்டீர்கள்.
அங்கே என் தெம்பும் இறங்கிப்போய்
ஒன்பது நாள் திரும்பவில்லை.

பல்லைக் கடிச்சு ஒரே தூக்கா தூக்குங்கண்ணே,
என்றான் பக்கத்துப் பெஞ்சில் கஜபதி.
ஹார்பரில் ஐஸ் பெட்டி சரிந்து
முழங்கால் போனவன்.
இரண்டு பேரையும் திட்டினாள் மெகருன்னிசா.
வலியோட மல்லுக்கட்டாதீங்க.
அது மறிக்கிற இடம் வரைக்கும் போங்க,
நில்லுங்க, பத்து எண்ணுங்க, திரும்பி வாங்க.
நாளைக்கு அது கொஞ்சம் தள்ளி மறிக்கும்.

ஒரு தாளில் வீட்டுக்கு எழுதியும் கொடுத்தாள்.
வெந்நீர்த் துணி பதினைந்து நிமிஷம்.
முதுகுக்குப் பின்னால் துண்டு, மேலும் கீழும்.
சட்டை போடும்போது
வலிக்கிற கை முதலில்,
கழற்றும்போது அது கடைசியில்.

கடைசி வரியைப் படித்தவள் புனிதவல்லி.
கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில்
நான் டியூட்டிக்குக் கிளம்பும்போது அவள் தூக்கத்தில் இருப்பாள்,
அவள் மில்லுக்குக் கிளம்பும்போது
நான் அரியாங்குப்பத்தில் இருப்பேன்.
இந்த நாலு மாசமாகக்
காலையில் அவள் மூச்சு என் கழுத்தில்.
ஒவ்வொரு பொத்தானாக ஏறி வந்து
கடைசியில் முகவாயை நிமிர்த்திவிடுவாள்,
பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி.
பேச்சு என்று பெரிதாக இல்லை.
பால் பாக்கெட் விலை,
கீழ் வீட்டு மோட்டார்,
உங்க மார்ல இந்த மச்சம் எப்போ வந்தது?

மாசி மகத்துக்கு மறுநாள்
விரல்கள் முருங்கப்பாக்கம் தாண்டின.
கோணமானி வைத்துப் பார்த்தாள் மெகருன்னிசா.
நூற்று ஐம்பத்தைந்து.
பத்துக்கு எத்தனை?
இரண்டு, என்றேன், உள்ளது உள்ளபடி.
அப்ப டியூட்டிக்குப் போகலாம்.
ஏணியை மட்டும் விட்டுடாதீங்க,
வீட்டுச் சுவர்ல சாக்பீஸ்ல கோடு போட்டுக்குங்க.

மறுநாள் முதல் டிரிப் நாலு நாற்பதுக்கு.
தூக்கம் கலையாத கண்ணோடு
யூனிபார்ம் சட்டையை விரித்துப் பிடித்து நின்றாள்.
நானே போட்டுக்கொள்ள முடியும்.
ராத்திரி குளியலறையில் கதவைச் சாத்தி
இரண்டு தரம் போட்டுப் பார்த்தாயிற்று.

இன்னும் வலிக்குதா?
நாலரை, என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
அரையை ஒத்துக்கொண்டாள்.
வலது கையை முதலில் மாட்டினாள்.