எழுத்துக்கு அறுபது ரூபாய்

தேவகோட்டை ரஸ்தாவில் எங்கள் கடை.
முன்னால் வடமொழி, பின்னால் பாரசீகம்,
நடுவில் ஒரு கோட்டை.
கண்டக்டர் வாயில் மூன்றும் ஒரே சொல்.

கல்லை வெட்டுவது இயந்திரம்.
கம்ப்யூட்டரில் எழுத்தைப் பரப்பித் தருவது நான்.
எழுத்துக்கு அறுபது ரூபாய். புள்ளி இலவசம்.
நகரத்தார் வீட்டுக் கல்லென்றால்
'சிவபதவி அடைந்தார்' தயாராக இருக்கும்,
மேலே பெயரை மாற்றினால் போதும்.

செவ்வாய்க்கிழமை அண்ணன் தம்பி வந்தார்கள்.
அப்பா இறந்து முப்பதாம் நாள் நெருங்குகிறது.
பெயர் கேட்டேன்.
'ராயப்பன்' என்றார் சூசைமாணிக்கம்.
'பேதுரு' என்றார் எபனேசர்.
(எபனேசர் பிறப்பில் இன்னாசி.
இரண்டாம் முறை முங்கி எழுந்தபோது மாறியதாம்.)

பையிலிருந்து காகிதங்கள்.
லைசென்ஸில் பீட்டர்.
ரேஷன் கார்டில் பேத்துரு, ஒற்று ஒன்று கூடுதல்.
பள்ளத்தூரில் அவர் கார் ஓட்டிய வீட்டின்
சம்பளப் பேரேட்டில் ராயர்.
அங்கே புதிதாக வந்த சமையல்காரர்
இவரை மாத்வர் என்றே நம்பி
ஆறு மாதம் வெங்காயம் இல்லாமல் தனியே சமைத்தாராம்.
மனிதர் வாயைத் திறக்கவில்லை.
ருசியாக இருந்ததாம்.

அண்ணன் சொன்னார்:
பழைய சாமியார்கள் சத்தத்தைக் கொண்டுவரவில்லை,
பொருளைக் கொண்டுவந்தார்கள்.
பவுல் என்றால் சிறியவன், அதனால் சின்னப்பன்.
யோவானுக்குள் அருள் இருக்கிறது, அதனால் அருளப்பன்.
தம்பி சொன்னார்:
பொருளுக்கு ஆசைப்பட்டுப் பெயரைத் தொலைத்தீர்கள்.
'பேதுருவுக்கு என்ன பொருள்?'
'பாறை.' இருவரும் ஒரே மூச்சில்.
அவர் பாஷையில் கேபா, கிரேக்கத்துக்குப் போனதும் பேதுரு.
அந்த வலைக்காரரை வீட்டில் சோற்றுக்கு
எதைச் சொல்லிக் கூப்பிட்டார்களோ.

'ராயப்பனில் பாறை எங்கே?' என்றேன்.
அண்ணன் தலையைச் சொறிந்தார்.
தம்பி சிரித்தார்: 'ராயன் என்றால் ராஜா.
மீன்பிடித்தவர் தலையில் கிரீடத்தை வைத்துவிட்டார்கள்.'

அம்மா செசீலி பாலிஷ் போடாத பலகையில் உட்கார்ந்திருந்தார்.
ஐம்பத்தெட்டு வருடம் அந்தப் பெயரைச் சொல்லாதவர்.
புனிதர் மன்றாட்டில் கோயிலே இராயப்பரைக் கூப்பிடும்போது
இவர் பெயரை விட்டுவிட்டு
வேண்டுதலில் மட்டும் சேர்ந்துகொள்வாராம்.

அப்போது சீமகுர்த்தியிலிருந்து லாரி வந்தது.
கருங்கல், பதினான்கு பலகை.
கோட்டேஸ்வர ராவ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே
பையன்களைப் பார்த்துக் கத்தினார்:
'ராயி! ராயி, ஜாக்ரத்த!'

செசீலி சட்டென்று எழுந்தார்.
முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு
லாரியைப் பார்த்தார்,
யாரோ வாசலில் வந்து அவரை விசாரிப்பது போல.

'ராயி என்றால்?' என்றார் எபனேசர்.
'கல்லு' என்றேன்.
பதினொரு வருடமாக லோடு வரும்போதெல்லாம் கேட்கும் சொல்.
எந்தச் சாமியார், எந்தத் தெலுங்கு வெயிலில் நடந்து,
யார் வாயிலிருந்து பொறுக்கிவந்தாரோ.
சத்தியம் செய்ய என்னிடம் தாள் எதுவும் இல்லை.
ராஜாவாகவும் இருக்கலாம்.

சூசைமாணிக்கம் ஜெயித்த முகம் காட்டவில்லை.
எபனேசர் மெதுவாகச் சொன்னார்,
எங்களிடம் இல்லை, லாரியிடம்:
'எபனேசரிலும் ஒரு கல் இருக்கு. உதவின கல்லு.'
பிறகு என்னிடம்: 'அம்மாவுக்குக் கேட்டதையே போடுங்க.'

இரண்டாவது வரியில் மறுபடி சண்டை.
கர்த்தருக்குள் நித்திரையா, இறைவனில் இளைப்பாறலா.
வெள்ளிக்கிழமை சொல்கிறோம் என்றார்கள்.
திரையில், பெயருக்குக் கீழே,
முந்தைய வேலையின் 'சிவபதவி அடைந்தார்'
அப்படியே இருந்தது. அழித்தேன்.

ஐந்து எழுத்து, முந்நூறு ரூபாய்.
சுருக்குப்பையிலிருந்து அம்மாதான் எண்ணிக் கொடுத்தார்.
ரசீது யார் பேருக்கு என்று கேட்டேன்.
'அவுக பேருக்கு' என்றார்.